தனுஷ்கோடிக் காற்றில் 60 மடங்கு எதற்கு?

ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" என்றுதான். 20–60 என்று சொன்னால் முகம் மலர்கிறது. 15–45 என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள், காசுக்கு ஏற்ற சரக்கு இல்லையோ என்று. ராமநாதபுரம் கடற்கரையில் பல வருஷமாகப் பறவை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த இரண்டாவது எண்ணை விடுங்கள், முதல் எண்ணைப் பாருங்கள். ஜூம் ஐபீஸ் உங்களுக்கு உழைக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கீழ்முனையில்தான். அங்கே பார்வை அகலமாக இருக்கிறதா, கண்ணாடி போட்ட கண்ணுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி, ட்ரைபாடில் நிறுத்தித்தான் பார்க்க முடியும். உள்ளே பட்டகம் இருப்பதால் காட்சி தலைகீழாக இல்லாமல் நேராகத் தெரியும். முன்னால் இருக்கும் பெரிய லென்ஸ் ஒளியைச் சேர்க்கிறது, நாம் கண் வைக்கும் பின்பக்கத் துண்டுதான் ஐபீஸ். பெரிய லென்ஸின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். ஜூம் ஐபீஸில் வளையத்தைத் திருகும்போது உள்ளே லென்ஸ்கள் முன்னும் பின்னும் நகர்ந்து அதன் குவியத் தூரம் மாறுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். என்னிடம் இருப்பது 80 மி.மீ. விட்டமுள்ள முன்லென்ஸ், ஐபீஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் வகை, 20–60 ஜூம். நடுத்தர விலைச் சரக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோவிலைச் சுற்றி உப்பங்கழி விரிந்து கிடக்கிறதே, ஜனவரி, பிப்ரவரியில் பூநாரைகள் அங்கே இறங்கும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது, அந்தப் பகுதிதான். பூநாரைக்கு ஸ்கோப்பே வேண்டாம், பைனாகுலர் போதும், ரோட்டிலிருந்து வெறும் கண்ணுக்கே ரோஜா நிறக் கோடாகத் தெரியும். அவற்றின் கால்களுக்கு நடுவே ஓடித் திரிகிற சின்னப் பறவைகளுக்குத்தான் ஸ்கோப். உப்புக்கொத்திகள், உள்ளான்கள், மூக்கன்கள், எல்லாம் சாம்பலும் பழுப்புமாக, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். உப்புக்கொத்தியில் மணல் நிறத்தில் சிறியது ஒன்று, பெரியது ஒன்று. சிறியதற்கு அலகு குட்டை, கால் கருஞ்சாம்பல். பெரியதற்கு அலகு நீளமாகத் தடித்திருக்கும், கால் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. ரெண்டும் முன்னூறு மீட்டர் தள்ளி நிற்கும்போது அந்த அலகு வித்தியாசத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு கனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம்.

அதிகாலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் நின்றால் 45 மடங்கு, 50 மடங்கு வரைக்கும் படம் தெளிவாக நிற்கும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் மணல் சூடேறத் தொடங்கியதும் கதை மாறிவிடும். கானல் ஓட ஆரம்பித்துவிடும். 60-ல் வைத்துப் பார்த்தால் உப்புக்கொத்தியின் கால் ரெண்டு மூன்று துண்டாகப் பிரிந்து தெரியும், நடுவில் ஒரு துண்டைக் காணோம், அலகு ஒரு நொடி நீளும், அடுத்த நொடி குட்டையாகும். அலகின் நீளத்தை வைத்துத்தான் இனம் பிரிக்கணும் என்கிறபோது அந்த அலகே நிலையில்லாமல் ஆடினால் என்ன செய்வது? வளையத்தைத் திருகத் திருகப் பறவை பெரிதாகும், அதைப் பற்றித் தெரிந்துகொள்கிற விஷயம் ஒரு துளிகூட அதிகமாகாது. ஆயிரம் டாலர் ஐபீஸ் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் கோளாறு கண்ணாடியில் இல்லை, நமக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கிற காற்றில். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து மேலெழும்போது ஒளி அங்கங்கே வளைகிறது, அந்த வளைவையும் சேர்த்துத்தான் ஐபீஸ் பெரிதாக்கித் தருகிறது.

இங்கேதான் ஜூம் கைகொடுக்கிறது. நான் எப்போதும் 20-ல் வைத்துப் பறவையைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, அப்புறம் மெதுவாக வளையத்தை ஏற்றுவேன். ஏதோ ஓரிடத்தில் படம் பெரிதாகிறதே தவிர புதிதாக எதுவும் தெரியவில்லை என்று ஆகும், இறகின் ஓரம் கூர்மையாவது நின்றுபோகும். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் திருப்பினால் அன்றைக்கு, அந்த நேரத்துக்கு, அந்தத் திசைக்கு அதுதான் அளவு. டிசம்பரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வானம் மூடி இருக்கிறபோது 55 வரைக்கும் போயிருக்கிறது. மார்ச் மாதத்து முன்பகல் என்றால் 25-க்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே அளவில் நிற்கிற நிலை ஐபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அதற்குப் பதிலாக வேறொரு சௌகரியம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கானலைக் குறைக்க நம் கையிலும் சில வழி உண்டு. மணலுக்கு மேலாகப் பார்ப்பதைவிடத் தண்ணீருக்கு மேலாகப் பார்த்தால் படம் நிற்கும், அதனால் பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் மணல் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருக்கிற மாதிரி இடம் மாறிக்கொள்ளுங்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து பார்ப்பதைவிட மணல்மேட்டில் ஏறி நின்று பார்ப்பது நல்லது, சூடான காற்று தரையை ஒட்டித்தான் அதிகம் கலங்குகிறது. தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ரோட்டைத் தாண்டிப் பார்க்கவே கூடாது, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடணும். ஓட்டிவந்த காரின் பானெட்டுக்கு மேலாகப் பார்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், இன்ஜின் சூட்டிலேயே பாதித் தெளிவு போய்விடும்.

வெளிச்சம் பற்றியும் ஒன்று சொல்லணும். தனுஷ்கோடி மணல்வெளி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது, குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் ரோட்டுக்கு வடபக்கத்துத் தண்ணீரைப் பார்த்து நின்றால் நாளில் பெரும்பகுதி வெயில் முதுகுப்பக்கம்தான். தென்பக்கம் பார்த்தால் எல்லாப் பறவையும் கரிய நிழலாகத் தெரியும், அப்போது 60 என்ன 100 மடங்கு இருந்தாலும் கால் நிறம் தெரியாது.

காட்சியின் அகலத்துக்கு வருவோம், ஜூம் ஐபீஸின் வினோதமே இதில்தான் இருக்கிறது. என்னுடைய ஐபீஸில் 20 மடங்கில் 1000 மீட்டர் தூரத்தில் 36 மீட்டர் அகலம் தெரிகிறது, 60 மடங்கில் 18 மீட்டர். மடங்கு மூன்றாகப் பெருகியும் அகலம் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஜூம் ஐபீஸ்கள் மேலே போகப் போகக் கண்ணுக்கு முன்னால் வட்டம் விரிகிறது, கீழே வரும்போது வட்டம் சுருங்குகிறது. கணக்குப் போட்டால் 60-ல் கண்முன் தெரிகிற வட்டம் சுமார் 62 டிகிரி, 20-ல் 41 டிகிரிதான். அதாவது எந்த முனையில் நாம் அதிக நேரம் பார்க்கிறோமோ அந்த முனையில் இது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது! கடையில் வைத்துப் பார்க்கும்போது 60-ல் திருப்பி "ஆகா, எவ்வளவு விரிவா இருக்கு" என்பார்கள், விற்பவரும் அதைத்தான் காட்டுவார். நீங்கள் கீழ்முனைக்குத் திருப்பிப் பாருங்கள்.

நிலை ஐபீஸின் சௌகரியம் என்றேனே, அது இதுதான். 30 மடங்கில் அகலப் பார்வை நிலை ஐபீஸ் ஒன்று 68 டிகிரி வட்டம் காட்டினால் 1000 மீட்டரில் 40 மீட்டர் அகலம் கிடைக்கும். சாதாரண ஜூமை 30-ல் வைத்தால் 28 மீட்டர் சொச்சம்தான். பூநாரைக் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஸ்கோப்பை நகர்த்தி எண்ணும்போது இந்த 12 மீட்டர் வித்தியாசம் பெரிய விஷயம், ஏனென்றால் ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் எங்கே விட்டோம் என்று ஓரத்தில் ஒரு அடையாளப் பறவையைப் பிடித்துக்கொள்ளணும், அந்தப் பாழாய்ப்போன பறவை அதற்குள் நடந்துவிடும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று இரண்டும் அடுத்தடுத்து வரும், அப்போதெல்லாம் எண்ணுவதற்கு நிலை ஐபீஸ்காரர்களைத்தான் முன்னால் விடுவோம். இனம் பிரிப்பது எங்கள் வேலை.

இரண்டையும் சேர்த்துத் தருகிற அகலப் பார்வை ஜூம்களும் இருக்கின்றன. ஸ்வரோவ்ஸ்கியின் 25–50 அகலப் பார்வை ஐபீஸ் 1000 மீட்டரில் 42 மீட்டரிலிருந்து 27 மீட்டர் வரை காட்டுகிறது, கோவாவிலும் 25–60 அகல ஜூம் உண்டு. கவனியுங்கள், இந்தப் பெரிய கம்பெனிகளே மேல் எண்ணைப் பெரிதாக்காமல் இடைவெளியைச் சுருக்கிக் கீழ்முனையை விரித்திருக்கிறார்கள். விலை நமக்குக் கட்டுப்படியாகாது, அது வேறு விஷயம்.

முகுந்தராயர் சத்திரம் பக்கம் ஒரு காலையில் ஆலா என்கிற கடற்பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டை ஆலாவில் பெரியதற்கு அலகு பச்சை கலந்த மஞ்சள், சிறியதற்கு ஆரஞ்சு, வெயில் ஏறினால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும், அதனால் அவசரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதிருக்கும், ஓர் அம்மா கடற்பாசிப் பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"இதுல கடலுக்குள்ள போன வள்ளம் தெரியுமா தம்பி?"

"எந்தப் பக்கம்மா போயிருக்காங்க?"

கை காட்டினார். 20-ல் வைத்து, அவர் காட்டிய பக்கம் துழாவி, ஒரு வள்ளத்தில் நிறுத்தி, பாருங்கம்மா என்று விலகினேன். முதலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தார், அப்புறம் ரப்பர் விளிம்பில் கண்ணை நன்றாகப் பொருத்தினார். "அந்தா, அணியத்துல நிக்கிறது அவுகதான்," என்றார் சட்டென்று. அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். முகம் தெரிகிற தூரமில்லை. நிற்கிற தோரணையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நான் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று வளையத்தை 60-க்குத் திருப்பினேன். ரெண்டு நொடிதான், தலையை எடுத்துவிட்டார். "எல்லாம் நடுங்குது, ஆளே தெரியல. முன்ன மாதிரியே வையிப்பா." அவர் சொன்னதைத்தான் நானும் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பறவை பார்க்கிறவர்களும் சரி, மீனவர்களும் சரி, தூரத்தில் இருப்பதை அடையாளம் காண்பது மூக்கு முழியை வைத்து இல்லை. அது நடக்கிற விதம், குனிகிற விதம், கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான். அதற்கு வேண்டியது அசையாத, வெளிச்சமான, அகலமான படம்.

வெளிச்சம் என்றதும் இன்னொரு கணக்கு. முன்லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் ஐபீஸிலிருந்து வெளியே வருகிற ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் 4 மி.மீ., 60 மடங்கில் 1.3 மி.மீ. சொச்சம். 65 மி.மீ. ஸ்கோப்பில் 60 வைத்தால் 1.1 மி.மீ.க்கும் கீழே. அவ்வளவு மெல்லிய கற்றையில் படம் மங்குவதோடு, நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசி மாதிரியான புள்ளிகளும் நூல்களும் படத்தின் குறுக்கே நீந்த ஆரம்பிக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பூச்சைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு 15–45 என்று கொடுப்பது காரணமாகத்தான். அதைக் குறைச்சலாக நினைக்கத் தேவையில்லை.

சரி, மேல்முனை சுத்தமாக வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. காலில் கொடி கட்டிய பறவை வந்தால் வேண்டும். வலசைப் பறவைகளைப் பிடித்து வளையமும் நிறக் கொடியும் போட்டு விடுகிறார்கள் இல்லையா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் பல வருஷமாகச் செய்கிற வேலை அது. கொடியின் நிறம் எந்த நாட்டில் போட்டது என்பதைச் சொல்லும், அதில் பொறித்த எழுத்து எந்தப் பறவை என்பதைச் சொல்லும். நிறத்தைப் பார்க்க 30 போதும், எழுத்தைப் படிக்க 50-ம் 60-ம் வேண்டியிருக்கும். அதற்கும் கானல் இல்லாத நேரம் வேண்டும், பறவை கொஞ்சம் திரும்பி நிற்கணும், அதன் கால் சேற்றில் புதையாமல் இருக்கணும். இப்படி எல்லாம் கூடி வருகிற நிமிஷத்துக்காக மேல்முனை இருக்கட்டும். நண்டு தின்கிற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று இந்தக் கடற்கரைக்கு வரும், கிராப் ப்ளவர் என்பார்கள், அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அது நின்றால் 20-லேயே பளிச்சென்று தெரியும்.

மேல்முனையைக் கேட்கிற இன்னொரு கூட்டம், தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள். 2017-ல் ரோடு போட்டதற்கப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை. ட்ரைபாடை விரித்ததும் வரிசை கட்டிவிடுவார்கள், "சார், இலங்கை தெரியுமா?" தெரியாது என்று சொன்னால் ஸ்கோப் சரியில்லை என்பது போலப் பார்ப்பார்கள். ரெண்டு மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானமே சுமார் 5 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடுகிறது, தலைமன்னாரோ 30 கி.மீ. பக்கம். நடுவில் பூமியின் முதுகு இருக்கும்போது எத்தனை மடங்கு வைத்து என்ன? கிட்டத்தில் இருக்கிற மணல் திட்டைக் காட்டினால் சமாதானமாகிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: சூரிய உதயத்தை இதில் பார்க்கக் கேட்டால் கூடவே கூடாது. 80 மி.மீ. லென்ஸ் சேர்த்துக் கொடுக்கிற வெயில் நேராக விழித்திரையில் விழுந்தால் பார்வை போய்விடும். குழந்தைகள் தாமாகத் திருப்பிவிடாமல் இருக்க, கூட்டம் இருக்கும்போது சூரியன் பக்கம் திரும்பாதபடி ட்ரைபாடின் தலையைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்தவரை விடுவேன்.

காற்றைப் பற்றி. இங்கே வருஷம் முழுக்கக் காற்றுதான், மழைக்காலத்தில் வடக்கேயிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான். கச்சான் அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும்; வாடைக்கு அப்படியே மாறும். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் இங்கே ஒரு பேச்சு உண்டு, வாடைக் காலத்தில் வந்து பார்த்தவர்கள் அந்தப் பேச்சை நம்பமாட்டார்கள். ஸ்கோப்புக்கு இதில் என்ன என்றால், மேல்முனையில் நடுங்குவது பாதி கானல், மீதி ட்ரைபாட். எது எது என்று கண்டுபிடிப்பது சுலபம்: படம் முழுசும் ஒரே மாதிரி ஆடினால் ட்ரைபாட், படத்துக்குள்ளேயே பகுதி பகுதியாக நெளிந்தால் கானல். ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றவே ஏற்றாதீர்கள், கால்களை அகல விரித்து, பையைக் கீழே கொக்கியில் மாட்டி, அந்தப் பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி வையுங்கள். தொங்கவிட்டால் பை ஊஞ்சலாடி அதுவே ஆட்டிவிடும். ஈர மணலில் கால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும், நாம் ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும்போதே படம் நழுவும். காய்ந்த பனைமட்டையில் மூன்று துண்டு வெட்டிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், காலுக்கு அடியில் வைத்தால் இறங்காது. வேணும் என்றால் அங்கேயே கிடைக்கும், வாங்க வேண்டிய பொருளில்லை.

ராமநாதபுரத்து நண்பர் ஒருவரின் ஸ்கோப் அரிச்சல்முனையில் ஒரே ஒரு காற்றுக்குச் சாய்ந்தது. அவர் ரெண்டு அடி தள்ளித்தான் நின்றார், தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்த நேரம். சாய்ந்த வகை ஸ்கோப்பில் மேலே துருத்திக்கொண்டு இருப்பது ஐபீஸ்தான், அதுதான் முதலில் தரையில் இடித்தது. மணல் என்பதால் உடையவில்லை, வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் மணல் போய்ச் சிக்கிக்கொண்டது. அங்கேயே திருகிப் பார்க்காமல் அவர் அப்படியே பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. மதுரையில் கேமரா பழுது பார்ப்பவரிடம் கொடுத்தபோது ரப்பர் பட்டையைக் கழற்றி, தூரிகையால் மணலை எடுத்து, புது மசகு போட்டுக் கொடுத்தார். மணலோடு திருகியிருந்தால் உள்ளே திருகுவரி தேய்ந்து, அப்புறம் ஜூம் ஒவ்வோர் இடத்திலும் தொய்ந்து போயிருக்கும் என்றார். நிலை ஐபீஸில் அசைகிற பாகமே கிடையாது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஜூம் வைத்திருப்பவர்கள் கடற்கரையில் ஐபீஸுக்கு ஒரு சின்னத் துணிப்பை தைத்து மாட்டிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பழைய லுங்கித் துண்டில் தைத்ததுதான் இன்னும் ஓடுகிறது.

உப்பு இன்னும் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாத சாரல் லென்ஸில் படிந்து காய்ந்தால் நுண்ணிய உப்புப் படிகமாகிவிடும், அதன்மேல் காய்ந்த துணியை வைத்துத் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுகிற ரப்பர் பந்தால் மணலை விரட்டணும், அப்புறம் வடிகட்டிய நீரில் நனைத்த மென்துணியால் உப்பைக் கரைத்து எடுக்கணும், கடைசியில்தான் லென்ஸ் துடைக்கிற துணி. வாலிநோக்கம் உப்பளங்களில் பாத்தி வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தால் ட்ரைபாட் காலையும் நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டி வைத்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை பூட்டு நகராது. உப்பளத்தில் இன்னொரு சங்கடம், வெள்ளைத் தரையும் வெயிலும் சேர்ந்து பக்கவாட்டு வெளிச்சம் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் புகுந்துவிடும். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாத்தியில் இருக்கிற உள்ளான் தெளிவாகத் தெரியும்.

ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்குகிறவர்கள், காலையில் ஸ்கோப்பை எடுத்து நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். மூடியைக் கழற்றாமல் பையோடு கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். வெளியே வியர்ப்பது துடைத்தால் போகும். நைட்ரஜன் அடைத்து மூடாத ஐபீஸாக இருந்தால் உள்ளேயும் வியர்க்கும், ஏனென்றால் ஜூம் திருகும்போது உள்ளறை பெரிதாகிச் சிறிதாகி வெளிக்காற்றை இழுக்கிறது. உள்ளே போன ஈரம்தான் பூஞ்சைக்குத் தொடக்கம். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது இந்தக் கரையில் கட்டாயம், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்கணும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தனியாக. ஐபீஸுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் இருந்தால் வட்டம் முழுசாகத் தெரியும் என்று ஓர் அளவு கொடுத்திருப்பார்கள், 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் கண்ணாடியோடு பார்க்கச் சிரமம், 17, 18 இருந்தால் நிம்மதி. ஜூமில் இந்த அளவு எல்லா மடங்கிலும் ஒன்றுபோல இருக்காது. ரப்பர் விளிம்பை முழுக்கக் கீழே இறக்கி, கண்ணாடியோடு 20, 40, 60 மூன்றிலும் பாருங்கள். எங்காவது ஓரம் கருத்து, தலையை இப்படி அப்படி நகர்த்தினால்தான் தெரிகிறது என்றால் அந்த ஐபீஸ் உங்களுக்கு இல்லை, எவ்வளவு நல்ல பேர் வாங்கியிருந்தாலும்.

படகில் ஸ்கோப்பை மறந்துவிடுங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள், அருமையான இடம், அங்கே எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. அதனால் தீவுப் பறவைகளைக் கரையிலிருந்து பார்ப்பதுதான் நமக்கு வாய்த்தது. எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஸ்கோப்போடு நின்றால் காவலர்கள் வந்து விசாரிப்பது சகஜம். அடையாள அட்டையைக் காட்டி, ஒரு பூநாரையையும் காட்டினால் வேலை முடிந்தது.

பழையது வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது. முதலில் ஐபீஸ் உங்கள் ஸ்கோப்பில் மாட்டுமா என்று பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் தங்களுக்கென்று தனி மவுன்ட் வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. சிலதில் மட்டும் வானியல் தொலைநோக்கிகளின் ஒன்றேகால் இன்ச் ஐபீஸ் மாட்டலாம், செலஸ்ட்ரான் ரீகல் எம்2 அப்படிப்பட்டது. அந்த வகை என்றால் 8–24 மி.மீ. குவியத் தூரமுள்ள வானியல் ஜூம் ஏகப்பட்டது கிடைக்கும், பாடர் ஹைப்பீரியனில் 8, 12, 16, 20, 24 என்று ஐந்து இடத்தில் சொடுக்கி நிற்கும், இருட்டில் தடவிப் பார்த்தே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். ஆனால் இவை வானியலுக்குச் செய்தவை, பெரும்பாலானவை நீர் புகாதபடி அடைத்தவை இல்லை, சாரல் அடிக்கிற இடத்தில் ஜாக்கிரதை. மாட்டினாலும் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் வருகிறதா என்று தனியாகப் பார்க்கணும், சிலது வராது.

அப்புறம் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருகுங்கள், நறநறவென்று கேட்டால் மணல். கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலை மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. ராமேஸ்வரம் படகுத் துறையில் நிற்கிற விசைப்படகுகளின் பதிவெண்ணைத் தூரத்திலிருந்து படித்துப் பார்ப்பது நல்ல சோதனை: 20-ல் ஃபோகஸ் செய்துவிட்டு 60-க்கு ஏற்றுங்கள், எழுத்து கூர்மை கெடாமல் நின்றால் நல்ல ஜூம், ஒவ்வொரு முறையும் மறுபடி ஃபோகஸைத் தேட வேண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். வெள்ளைப் படகின் விளிம்பில் ஊதாக் கோடு எவ்வளவு தடிமனாக வருகிறது என்பதையும் பாருங்கள், கொஞ்சம் வருவது எல்லாவற்றிலும் உண்டு, அது பெரும்பாலும் ஸ்கோப்பின் முன்லென்ஸ் செய்கிற வேலை, ஐபீஸ் மாற்றினால் போகாது. இதையெல்லாம் காலை ஏழு மணிக்குச் செய்யுங்கள். மத்தியானம் வரச் சொல்கிற விற்பவரிடம், வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.